அசல் வெளிநாட்டு டீச்சர்

நஸீஹா வெளிநாட்டுக்காரி இல்லை என்பதை அவளுக்கு முதன்முதலில் சொன்னவர் லின் மேடம். அதுவரை நஸீஹாவுக்கு அப்படியொரு சந்தேகமே வந்ததில்லை. அவள் காயல்பட்டினத்தில் பிறந்தவள். கல்யாணமானதிலிருந்து துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானில் குடியிருக்கிறாள். விசா, எமிரேட்ஸ் ஐடி, ஏர்போர்ட் வரிசை எல்லாம் அவளை வெளிநாட்டுக்காரி என்றே நடத்திவந்தன. லீவில் ஊருக்குப் போனால் அங்கேயும் "துபாய்க்காரி வந்துட்டா" என்றுதான் சொன்னார்கள்.

"இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தியர்தான்," என்றார் லின் மேடம். "டாக்ஸியில் இந்தியர், பேங்கில் இந்தியர், ஆஸ்பத்திரியில் ஊசி போடுவது இந்தியர். அதனால் நீ லோக்கல். எனக்கு வேண்டியது ஃபாரின் டீச்சர்."

"மேடம், நான் லோக்கல் என்றால் எனக்கு விசா எதற்கு?"

லின் மேடம் நியாயமாக யோசித்துப் பார்த்தார். "விசா கவர்மென்ட்டுக்கு. ஃபாரின் கஸ்டமருக்கு," என்றார்.

லின் மேடம் குவாங்சோவிலிருந்து குளியலறைக் குழாய் விற்க வந்து, பிறகு குழாயை விட்டுவிட்டு ஆங்கிலம் விற்க ஆரம்பித்தவர். துபாயின் ஓரத்தில், சீனக் கடைகள் வரிசை வரிசையாக இருக்கும் பகுதியில், ஒரு நூடுல்ஸ் கடைக்கு மேல்மாடியில் அவருடைய 'தங்க நாக்கு மொழி நிலையம்' இருந்தது. பகலெல்லாம் கடையில் நிற்கும் சீன வியாபாரிகள் கடை திறப்பதற்கு முன்பு காலையில் ஒரு கூட்டமாகவும், மதியம் வியாபாரம் மந்தமாகும் நேரத்தில் இன்னொரு கூட்டமாகவும் அங்கே வந்து ஆங்கிலம் படிப்பார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே டீச்சர் நஸீஹா.

நஸீஹா பாளையங்கோட்டையில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள். அஜ்மானில் ஒரு சின்ன நர்சரி பள்ளியில் வேலை பார்த்தாள். அந்தப் பள்ளி ஒரு கோடை விடுமுறைக்கு மூடியது, பிறகு திறக்கவேயில்லை. அதற்குப் பிறகு கிடைத்ததுதான் இந்த வேலை. விடியும்போதே பஸ் பிடித்து, ஷார்ஜா நெரிசலில் எல்லோரும் தூங்கும்போது தானும் தூங்கி, இன்னொரு பஸ் மாறி அந்தப் பகுதியில் இறங்கினால், எமிரேட்ஸ் முடிந்து வேறு ஏதோ ஒரு நாடு ஆரம்பித்ததுபோல இருக்கும். போர்டுகள் சீனத்தில். மருந்துக்கடை சீனத்தில். சலூன் வாசலில் ஒட்டிய முடிவெட்டுப் படங்கள்கூடச் சீனத்தில் சிரிப்பதாக நஸீஹாவுக்குத் தோன்றும். கட்டிட வாட்ச்மேன் சிட்டகாங்காரன். அவனும் சரளமாகச் சீனம் பேசினான். பெஷாவரிலிருந்து வந்த லாரி டிரைவர்கள் பார்க்கிங்குக்காகச் சீனத்தில் சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்தப் பகுதி முழுவதிலும் சீனம் தெரியாத ஒரே ஆள் நஸீஹாதான்.

வந்த புதிதில், கீழே இருந்த சூப்பர்மார்க்கெட்டில் வாசனையாக இருக்கிறதே என்று ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு போனாள். அவள் கணவன் சுஐபுக்கு அஜ்மான் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு டயர் கடையில் வேலை. தினமும் கரிக் கையோடு வருபவன். அந்தச் சோப்பை வைத்து வெகுநேரம் தேய்த்துவிட்டு பாத்ரூமிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"நஸீஹா, இது என்ன சோப்பு? கை சுத்தமாக மாட்டேங்குது. ஆனா ஈ வருது."

அது பயறில் செய்த ஒரு இனிப்பு. மிச்சத்தைக் கழுவித் துடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

வகுப்பில் எல்லோரும் தங்களுக்கு ஆளுக்கொரு ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். விக் கடை வைத்திருந்த பெண்ணின் பெயர் கிச்சன். ஏதோ ஒரு அட்டைப் பெட்டியின்மேல் பார்த்ததாம். எழுத்து அழகாக இருந்ததாம். அர்த்தத்தை நஸீஹா சொன்னபோது, "வீட்டில் முக்கியமான ரூம்தானே," என்று சந்தோஷப்பட்டாள். குழாய்க் கடைக்காரர் ஒருவர் தர்ஸ்டே. வந்த காலத்தில் வியாழக்கிழமை சாயங்காலம்தான் ஊரே லீவுக்குக் கிளம்பும், அந்தச் சந்தோஷத்தில் வைத்துக்கொண்ட பெயர். பிற்பாடு அரசாங்கம் விடுமுறையை சனி ஞாயிறுக்கு மாற்றியது. அவர் பெயரை மாற்றவில்லை. "போர்டு அடித்துவிட்டேன்," என்றார்.

நஸீஹா ஆரம்பத்தில் புத்தகத்தில் உள்ளபடி பாடம் நடத்தினாள். 'மே ஐ ஹெல்ப் யூ?' என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் தர்ஸ்டே வாடிய முகத்தோடு வந்தார். திருச்சூர்க்காரர் ஒருவர் ஷவர் பார்க்க வந்திருக்கிறார். இவர் குனிந்து பணிவாக 'மே ஐ ஹெல்ப் யூ?' என்றதும், அவர் தன் சட்டையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், "எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் பயந்துபோய்க் கிளம்பிவிட்டாராம்.

அன்றிலிருந்து நஸீஹா புத்தகத்தை மூடிவைத்தாள். கடைக்கு வருபவர் எல்லோரும் கேரளாக்காரர், தமிழர், பாகிஸ்தானி, நைஜீரியாக்காரர். அவர்களோடு பேசுவதற்கு எது வேண்டுமோ அதை அவரவரிடம் கேட்டு அதையே நடத்தினாள். 'திஸ் இஸ் லாஸ்ட் பிரைஸ் ஒன்லி.' 'டுமாரோ நியூ கன்டெய்னர் கமிங், நோ?' கிச்சனுக்கு ஒரு தனிச் சிக்கல் இருந்தது. விக் வாங்க வருகிற பெண்கள், இது யாருடைய முடி என்று கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? நஸீஹா நன்றாக யோசித்து, 'இட் இஸ் ஃப்ரம் எ குட் ஃபேமிலி' என்று எழுதிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கிச்சனுக்கு விற்பனை கூடியது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது எதிர்க் கட்டிடத்தில் இன்னொரு மொழி நிலையம் திறந்தார்கள். வாசலில் கோட்டு சூட்டோடு, தங்க முடியோடு ஒரு மனிதரின் ஆளுயரப் படம். அந்த மனிதரை யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் லின் மேடத்தின் மாணவர்கள் நாலைந்து பேர் படத்தைப் பார்த்தே அங்கே சேர்ந்துவிட்டார்கள். அதன் பிறகுதான் லின் மேடம் நஸீஹாவைக் கூப்பிட்டு, அவள் வெளிநாட்டுக்காரி இல்லை என்ற விஷயத்தைச் சொன்னது.

இரண்டு நாளில் மேடம் ஒரு வெளிநாட்டுக்காரனைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். பெயர் ஒலெக். மோல்டோவா நாட்டுக்காரன். நல்ல உயரம், நீலக் கண், சோளப் பட்டு நிறத்தில் முடி. லின் மேடம் குடியிருக்கும் கட்டிடத்தின் நீச்சல் குளத்தில் ஆள் மூழ்காமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. குளத்தில் எங்கோ ஓட்டை விழுந்து தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டார்கள். ஆனால் குளம் என்றிருந்தால் காவலன் ஒருவன் இருக்க வேண்டும் என்பது கட்டிட நிர்வாகத்தின் சட்டம். ஆகவே ஒலெக் பல மாதங்களாக, கழுத்தில் விசிலோடு, உயரமான நாற்காலியில் உட்கார்ந்து வெறும் டைல்ஸைக் காவல் காத்துக்கொண்டிருந்தான். ஒருமுறை யாரோ ஒருவர் உள்ளே விழுந்த செருப்பை எடுக்க ஏணியில் இறங்கியபோது விசில்கூட அடித்திருக்கிறான்.

ஒலெக்குக்கு ஆங்கிலம் தெரியாது.

"தெரிய வேண்டியதில்லை," என்றார் லின் மேடம். "அவன் டீச்சர். நீ விளக்கம்."

மறுநாளே இரண்டு பேட்ஜ் வந்துவிட்டது. ஒலெக்கின் சட்டையில் 'டீச்சர்' என்று இருந்தது. நஸீஹாவின் அபாயா அங்கியில் குத்தியதில் 'எக்ஸ்பிளெய்ன்' என்று இருந்தது.

முதல் வகுப்பு. ஒலெக் பலகைக்கு முன்னால் நின்றான். காலியாகியிருந்த நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. அறையின் பின்பக்கம் நின்று லின் மேடம் கையசைத்தார், ஆரம்பி என்று. ஒலெக்கின் நெற்றி வியர்த்தது. குளத்தங்கரைப் பலகையில் எழுதியிருந்தது மட்டும் அவனுக்குப் படிக்கத் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டு, கம்பீரமான குரலில் சொன்னான்:

"நோ டைவிங்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பிறகு அத்தனை பேரும் நஸீஹாவைப் பார்த்தார்கள்.

நஸீஹாவுக்கு ஒரு விநாடி உலகமே நின்றுபோனது. பிறகு அவள் வாய் தானாகப் பேசியது. "சார் சொல்வது என்னவென்றால், ஆங்கிலத்துக்குள் தலைகுப்புறக் குதிக்கக் கூடாது. முதலில் பிரசென்ட் டென்ஸ், அப்புறம் பாஸ்ட் டென்ஸ். படிப்படியாக இறங்க வேண்டும்." அதைப் பிடித்துக்கொண்டே அரை வகுப்பை ஓட்டிவிட்டாள்.

ஒலெக்குக்குத் தைரியம் வந்தது. "நோ ரன்னிங்," என்றான். அவசரப்பட்டுப் பேசினால் உச்சரிப்பு வழுக்கும் என்று நஸீஹா விளக்கினாள். "ஷவர் ஃபர்ஸ்ட்," என்றான். அதற்கு என்ன விளக்கம் சொன்னோம் என்று அவளுக்கே இப்போது ஞாபகம் இல்லை. தர்ஸ்டே மட்டும் தன் கடைச் சரக்கைப் பற்றியல்லவா பேச்சு வருகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்று பஸ்ஸில் அவள் தூங்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். ஒரு வாரம் சுஐபிடம் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் அவனே கேட்டான்.

"என்ன புள்ள, மூஞ்சி ஒரு மாதிரி ஈக்குது? அந்த மேடம் ஏதாச்சும் சொன்னாவளா?"

சொன்னாள். சுஐபுக்குக் கோபம் வந்தது. "வேலைய விட்டுட்டு வா. நாம வேற பாப்போம்," என்றான். பிறகு கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "ஆமா, அவன் கிளாஸ்ல என்னதான் சொல்றான்?"

"என்னத்த சொல்வான். குதிக்காதே, ஓடாதே, குளிச்சிட்டு வா."

சுஐபு அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. இருமல் வரும்வரை சிரித்தான். "நல்ல புத்திமதிதானே புள்ள," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. நஸீஹா தலையணையை எடுத்து எறிந்தாள். எறிந்த பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேலையை விடவில்லை. தர்ஸ்டே அப்போதுதான் முதல்முறையாக ஒரு முழு வாக்கியத்தைத் தப்பில்லாமல் பேசியிருந்தார். அவரை நட்டாற்றில் விட மனம் வரவில்லை.

ஒலெக் கெட்டவன் இல்லை. அது அவளுக்குத் தெரியவந்தது ஒரு மதியம். இரண்டு வகுப்புக்கும் நடுவில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்திருந்தபோது அவன் தயங்கித் தயங்கி வந்தான். தன் போனை மேஜைமேல் வைத்து ஏதோ தட்டினான். போனிலிருந்து ஒரு பெண்குரல் கணீரென்று தமிழில் பேசியது:

"மதிப்பிற்குரிய பெண்மணியே. நான் திருடன் அல்ல. நான் நீச்சலின் காவல். நீர் இல்லை. உங்கள் நாற்காலியில் என் உட்காருதல் எனக்கு வெட்கம். தயவுசெய்து எனக்கு நாக்கைத் தாருங்கள்."

நஸீஹா கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே இருந்தாள். அவன் நாட்டில் நாக்குக்கும் மொழிக்கும் ஒரே சொல்தான் போலிருக்கிறது என்பது பிறகுதான் விளங்கியது. டீச்சர் என்று நிற்பவனுக்குக் கொஞ்சமாவது ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டாமா, சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கிறான். பாக்ஸ் மூடியில் கொஞ்சம் சோறும் வறுத்த மீனும் வைத்து அவன் பக்கம் தள்ளினாள். மதிய இடைவேளையில் பாடம் ஆரம்பமானது.

ஒலெக்குக்கு இலக்கணம் ஏறவில்லை. ஆனால் காது பாம்புக்காது. எதை எப்படிச் சொன்னாலும் அப்படியே, மூச்சு விடும் இடம் உள்பட, திருப்பிச் சொன்னான். முதல் பாடம், தன்னைப் பற்றிச் சொல்லுதல். நஸீஹா உதாரணத்துக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக் காட்டினாள். அவன் அதை அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டான்.

"இப்போது உன்னைப் பற்றிச் சொல்," என்றாள்.

அவன் மறுபடி அவளைப் பற்றியே சொன்னான்.

"இல்லை, உன் ஊர், உன் வீடு. மாற்றிச் சொல்."

ஒலெக் போனைத் தட்டினான். "மன்னிக்கவும். ஒரு கல்லை எடுத்தால் சுவர் விழுகிறது," என்றது போன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் விட்டுவிட்டாள். அவன் யாரிடம் போய்த் தன்னைப் பற்றிச் சொல்லப்போகிறான்?

இந்த நேரத்தில்தான் குவோ வந்தார். குவோ அந்தப் பகுதிக் கடைக்காரர்கள் சங்கத்தின் தலைவர். சந்தையில் வேலை செய்யும் விற்பனையாளர்கள் எல்லோருக்கும் சங்கச் செலவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதாகத் திட்டம். எந்த நிலையத்துக்கு அனுப்புவது என்று அவர் நேரில் பார்த்து முடிவு செய்வார். எதிர்க் கட்டிடத்துக்கு முதலில் போனார். தங்க முடி மனிதரைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் லீவில் இருக்கிறார் என்றார்கள். எப்போது வருவார்? தெரியாது. குவோ எழுந்து நேராக இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

லின் மேடம் ஒலெக்குக்குப் புது கோட்டு வாங்கிப் போட்டிருந்தார். நஸீஹாவிடம், "நீ பக்கத்திலேயே நில். அவன் வாயைத் திறந்தால் உடனே விளக்கு," என்று சொல்லிவைத்திருந்தார். ஆனால் குவோ உள்ளே வந்து உட்கார்ந்ததும், தனக்கு விளக்கம் வேண்டாம், டீச்சரோடு நேராகப் பேசிக்கொள்கிறேன் என்றார். டீ இருந்தால் கொண்டு வரலாம் என்றார். வேறு வழியில்லாமல் லின் மேடம் நஸீஹாவை டீ போட அனுப்பினார்.

நஸீஹா தட்டோடு திரும்பி வரும்போது கதவுக்கு வெளியே கால் நின்றுவிட்டது. உள்ளே பேச்சு ஆரம்பித்திருந்தது.

"வேர் ஆர் யூ ஃப்ரம்?" என்று கேட்டார் குவோ.

"ஐ ஆம் ஃப்ரம் காயல்பட்டினம்," என்றான் ஒலெக், தெளிவான குரலில். "இட் இஸ் நியர் டு திருச்செந்தூர் ஒன்லி."

நஸீஹா காதைக் கதவோடு ஒட்டிவைத்தாள்.

"ஃபேமிலி?"

"மை ஹஸ்பண்ட் இஸ் வொர்க்கிங் இன் எ டயர் ஷாப். வீ ஆர் ஹேவிங் டூ டாட்டர்ஸ். தே ஆர் வெரி நாட்டி, வாட் டு டூ?" என்று சொல்லி ஒலெக் பெருமூச்சு விட்டான். அந்தப் பெருமூச்சும் நஸீஹாவுடையது.

அப்போது லின் மேடம் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாகப் பிற்பாடு சொன்னார். பிறகு குவோ மேஜையைத் தட்டினார்.

"காயல்பட்டினம்!"

குவோ குவாங்சோவில் இருந்த காலத்திலேயே காயல்பட்டினத்து வியாபாரிகளோடு பழகியவர். ரத்தினக் கல் வியாபாரம், துணி வியாபாரம் என்று அவர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்தே ஆங்கிலம் கற்றுக்கொண்டவர். நெய்னா முகம்மது என்று ஒருவர், அவர் போட்ட பிரியாணி என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே போனார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ காயல்காரர்களைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு உயரமானவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். கணவர் விஷயத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அது அவரவர் சொந்த விஷயம் என்பதுபோல மரியாதையாகத் தலையை மட்டும் ஆட்டினார். அமெரிக்கா ஆங்கிலம், லண்டன் ஆங்கிலம் எல்லாம் கேட்டிருக்கிறேன், அதைப் பேசுகிற கஸ்டமர் ஒருவரும் நம் கடைக்கு வருவதில்லை, இதுதான் இங்கே செல்லும் ஆங்கிலம், எங்கள் ஆட்களுக்கு இதையே சொல்லிக்கொடுங்கள் என்று கைகுலுக்கிவிட்டு, நஸீஹா கொண்டுவந்த டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

கதவு மூடியதும் லின் மேடம் மெதுவாகக் கேட்டார். "காயல்பட்டினம் எந்த நாடு?"

"இந்தியா, மேடம். என் ஊர்."

லின் மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்படியானால்," என்றார் கலவரத்தோடு, "ஒலெக் லோக்கலா?"

சந்தோஷமான செய்திதான் என்றாலும், வீட்டில் சுஐபு அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். "இரு, இரு. அந்தக் குவோகிட்ட அவன் என்ன சொன்னான்? ஹஸ்பண்ட் டயர் ஷாப்பா? அப்ப அந்த மோல்டோவாக்காரனுக்கு மாப்பிள்ள நானா?"

"உங்க பேரச் சொல்லலையே."

"இந்தச் சுத்துவட்டாரத்துல டயர் ஷாப்புல ஈக்கிற காயல்பட்டினத்தான் நான் ஒருத்தன்தான் புள்ள!"

நஸீஹா சிரித்தாள். ஆனால் அடுத்த வாரம் வாசலில் புதுப் பலகை மாட்டியபோது சிரிப்பு போய்விட்டது. ஒலெக்கின் பெரிய படம். கீழே, 'அசல் காயல்பட்டினம் ஆங்கிலம்.' தன் நாற்காலி போனதைப் பொறுத்துக்கொண்டாள். பேட்ஜைப் பொறுத்துக்கொண்டாள். இப்போது ஊரும் போய்விட்டது. வாட்ச்மேன் அந்தப் படத்தைக் காட்டி, "மேடம், சார் காயல்பட்டினமா?" என்று ஹிந்தியில் கேட்டான். படியேறிப் போனாள். வகுப்பு நிறைய ஆட்கள். ஒலெக் பலகை முன்னால் நின்று புன்னகைத்துக்கொண்டிருந்தான். அவள் பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"இன்றைக்கு விளக்கம் இல்லை," என்றாள். "உண்மையைச் சொல்லப்போகிறேன். இவர் டீச்சர் இல்லை. நீச்சல் குளத்தில் வேலை பார்ப்பவர். இங்கே டீச்சர் நான். காயல்பட்டினம் என் ஊர். டயர் கடைக்காரர் என் கணவர்."

யாரும் திடுக்கிடவில்லை. தர்ஸ்டே தன் போனில் நேரம் பார்த்தார். கடைசியில் கிச்சன் எழுந்தாள்.

"டீச்சர், எங்களுக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவர் டீச்சர் இல்லை. முதல் நாளே தெரியும். ஷவர் ஃபர்ஸ்ட் என்றாரே. அந்தக் குளத்துக் கட்டிடத்தில்தான் நாங்கள் பாதிப்பேர் குடியிருக்கிறோம். தினமும் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கடைக்குப் போகிறோம்."

"பிறகு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?"

கிச்சன் தயங்கினாள். ஆங்கிலத்தில் தேடித் தேடிச் சொன்னாள். "லின் மேடம் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்தார். சொன்னால் அவருக்கு முகம் போய்விடும், மரியாதை போய்விடும். அதனால் நாங்கள் சாரைப் பார்ப்போம், உங்களைக் கேட்போம். கஷ்டமில்லை. பார்க்கவும் நன்றாக இருக்கிறார்."

நஸீஹா திரும்பிப் பார்த்தாள். கதவருகே லின் மேடம் நின்றிருந்தார். முகத்தில் கோபம் இல்லை, ஒரு களைப்புதான் இருந்தது.

"இவர்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்," என்றார். "ஆனால் இவ்வளவு மரியாதையாக நடிக்கிறார்களே, நான் எப்படி நிறுத்துவது?"

அங்கே ஏமாந்துபோயிருந்தது இரண்டே பேர். ஒருத்தி நஸீஹா. இன்னொருவன் ஒலெக். அவனுக்கு இப்போதும் என்ன நடக்கிறது என்று சரியாகப் புரியவில்லை. எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்களே என்று, "வாட் டு டூ?" என்றான். வகுப்பு முழுக்கச் சிரித்தது. லின் மேடமும் சிரித்தார். நஸீஹாவுக்குத்தான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து வந்தது. கிச்சன் தன் கைப்பையிலிருந்து டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

குவோவிடம் நஸீஹாவே போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் கொஞ்சம் ஏமாற்றமடைந்தார், உயரமான காயல்காரர் இல்லையே என்று. மற்றபடி ஆட்களை அனுப்புவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. பலகையில் இருந்த படத்தை லின் மேடம் எடுத்துவிட்டார். எழுத்தை மட்டும் விட்டுவைத்தார்.

ஒலெக்குக்குச் சில வாரங்களில் ஓமான் நாட்டுச் சலாலாவில் ஒரு ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை கிடைத்தது. மழைக்காலத்தில் அங்கே கூட்டம் அலைமோதும், ஆள் வேண்டுமாம். போவதற்கு முன்பு நஸீஹா அவனை உட்காரவைத்து, அந்தச் சுவரைக் கல் கல்லாகப் பிரித்துக் கட்டினாள். ஐ ஆம் ஃப்ரம் மோல்டோவா. ஐ ஆம் நாட் மேரீட். மை மதர் இஸ் எ நர்ஸ். எல்லாவற்றையும் சொல்லி முடித்தான் ஒலெக். பிறகு, போனைத் தொடாமலே சொன்னான்: "மை ஸ்டோரி இஸ் ஸ்மால், டீச்சர். யுவர்ஸ் இஸ் பெட்டர்." அவன் அதுவரை சொந்தமாகக் கட்டிப் பேசிய முதல் ஆங்கில வாக்கியம் அது. நஸீஹா அவனுக்கு ஒரு பாட்டில் மீன் ஊறுகாய் கொடுத்தனுப்பினாள்.

இப்போது அவளுக்குக் காலையில் இரண்டு வகுப்பு, மதியம் இரண்டு வகுப்பு. அஜ்மான் பஸ்ஸில் முன்னைவிட நன்றாகத் தூக்கம் வருகிறது.

போன ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கிச்சன் அவளைக் குடும்பத்தோடு வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். புதுப் பாத்திரம் வாங்கி, ஹலால் கடையில் கறி வாங்கி, கறிக்கடைக்காரர் கொடுத்த பில்லைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாள், டீச்சர் சந்தேகப்படக் கூடாது என்று. மாவுக்குள் கறி வைத்து அவித்த கொழுக்கட்டைகள் தட்டுத் தட்டாக வந்தன. நஸீஹாவின் மகள்கள் கிச்சனின் விக்குகளைத் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் ஆடினார்கள்.

சாப்பாட்டுக்கு நடுவில் ஐஸ் தீர்ந்துபோனது. கிச்சனின் கணவர் எழுந்தார். அவருக்கு ஒரு சொல் ஆங்கிலம் தெரியாது. சுஐபுக்குச் சீனம் தெரியாது. "நானும் வாரேன்," என்று தமிழில் சொல்லிவிட்டு சுஐபு அவரோடு இறங்கிப் போனான். ஐஸ் விற்கும் கடை கட்டிடத்துக்குக் கீழேயேதான் இருந்தது. ஆனால் போனவர்கள் வரவேயில்லை. கிச்சன் இரண்டு முறை பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு, பாதி உருகிய ஐஸ் மூட்டையோடு இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

காரில் திரும்பி வரும்போது நஸீஹா கேட்டாள். "இம்பிட்டு நேரம் எங்க போனிய?"

"கீழதான் நின்னோம். பேசிக்கிட்டு ஈந்தோம்."

"என்னத்தப் பேசினிய?"

"எல்லாந்தான். அவரு தம்பி கல்யாணம், வீட்டு வாடகை, முட்டி வலி. பாவம், நல்ல மனுஷன்."

"எந்தப் பாஷையில பேசினிய?"

சுஐபு யோசித்தான். சிக்னலில் பச்சை விழும்வரை யோசித்தான்.

"அத நான் கவனிக்கல," என்றான்.